மூன்று முள்ளும் இருபத்து மூன்று டிக்கும்

அருப்புக்கோட்டை,
ஐப்பசி 9, சனிக்கிழமை.

சிங்கப்பூரில் இருக்கும் அன்பு மாப்பிள்ளை ரத்தினம் அவர்களுக்கு, உங்கள் மச்சான் பாண்டீஸ்வரன் எழுதிக்கொள்வது. அவ்விடம் நீங்களும் தங்கச்சி அருஞ்சுனையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் குலசாமியை வேண்டிக்கொள்கிறேன். இவ்விடம் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். உங்கள் அக்கா வெள்ளைத்தாய் போய் ஐந்து மாதம் ஆகிற வீட்டிலிருந்து அந்த வார்த்தையை எழுதக் கை வரவில்லை. அதனால் இவ்விடம் இருக்கிறேன் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவும்.

போன் இருக்கிற காலத்தில் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் எனக்குக் கெட்ட கோபம் வருகிறது மாப்பிள்ளை. சிங்கப்பூர் டவர் நீங்கள் பீற்றிக்கொள்கிற அளவுக்கு இல்லை. நீங்கள் பேசுவது தலையணைக்குள் இருந்து பேசுவது போல வருகிறது. நான் நாலு தடவை என்னது என்னது என்று கேட்டால், நீங்களும் உங்கள் அக்காவைப் போலவே கத்த ஆரம்பித்துவிடுகிறீர்கள். போன வாரம் நீங்கள் கத்திய கத்தலில் மனசு விட்டுப்போய் போனை வைத்துவிட்டேன். பெண்டாட்டியைப் பறிகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிற மனுசனிடம் எதற்கு அவ்வளவு சத்தம்? பேப்பரில் எழுதினால் யாரும் யாரிடமும் கத்த வேண்டியதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தபால் ஆபீஸில் சிங்கப்பூருக்கு ஸ்டாம்ப் கேட்டதற்கு அங்கிருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தது தனிக்கதை.

டவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. இப்போது செய்கிற பொருள் எதுவுமே சரியில்லை. போன மாதம் புதிதாக ஒரு குக்கர் வாங்கினேன், விசில் என்று பெயருக்கு ஒன்றை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள், அது ஊதுவதே இல்லை, பருப்பு அடிப்பிடித்துப் புகை கூடத்துக்கு வந்த பிறகுதான் அடுப்பில் குக்கர் இருக்கிற ஞாபகமே வரும். கடைக்காரனிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவன் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றி, "இந்தா ஊதுதுல்ல அண்ணாச்சி" என்று என் முகத்தைப் பார்த்தான். ஆவி வந்ததை நான் பார்த்தேன், ஊதியதா என்பது அவன் மனசாட்சிக்குத்தான் வெளிச்சம். வாசல் பெல்லை இதுவரை மூன்று தடவை மாற்றிவிட்டேன். பால்காரர் அடித்தேன் என்கிறார், அடிக்கவே இல்லை என்கிறேன் நான், அவர் கோபித்துக்கொண்டு பாலை வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுகிறார், எங்கள் தெருப் பூனை மட்டும் நன்றாகத் தேறியிருக்கிறது. மழைகூட முன்னைப் போல இல்லை. நம் வீட்டுப் பின்கட்டுத் தகரக் கூரை உங்களுக்குத் தெரியும், நாலு துளி விழுந்தால் ஊரைக் கூட்டும். போன செவ்வாய்க்கிழமை பெய்த மழையை மறுநாள் காலையில் வாசல் ஈரத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். நம் ஊர் பரளச்சியில் மானாவாரிக் காட்டில் விதையைப் போட்டுவிட்டு எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, வருகிற மழையும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து போனால் என்ன அர்த்தம்?

அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை. செத்தவளைக் குறை சொல்லக்கூடாது, இருந்தாலும் அவள் தம்பியிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன். கடைசிப் பத்து வருஷத்தில் அவள் குணமே மாறிப்போனது. சோறு போடவா என்று கேட்பதற்குக்கூட முகத்துக்கு நேரே வந்து நின்று, கையை ஆட்டி ஆட்டிக் கத்துவாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். பக்கத்து வீட்டு அமுதவள்ளி டீச்சர்கூட ஒருநாள், "என்னக்கா, அண்ணாச்சிய இப்பிடி வையுறீக" என்று கேட்டிருக்கிறது. சண்டைக்காரி என்று பெயர் எடுத்துவிட்டுத்தான் உங்கள் அக்கா போனாள். போன வருஷம் பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது இதை உங்களிடம் சொல்லி வருத்தப்பட்டேன். "பொறுத்துப் போங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அக்காவை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். இப்போது வீடு கிடக்கிற கிடையில், யாராவது கத்த மாட்டார்களா என்று இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய மூன்று கார்ட்ரிட்ஜையும், அதுதான் ரெக்கார்டு பிளேயருக்கு மாட்டுகிற அந்த முள் கட்டையை, மாட்டிக் கேட்டுத் தீர்ப்பு எழுதச் சொல்லியிருந்தீர்கள். தீர்ப்பு சொல்வதற்கு முன்னால் என் நாதஸ்வர ரெக்கார்டின் கதையை முழுசாகச் சொல்லிவிட வேண்டும், உங்களுக்குப் பாதிதான் தெரியும்.

எங்களுக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம், தறிக்கூடத்து முதலாளி வீட்டில் டேப் ரிக்கார்டர் வந்துவிட்டது என்று, பெட்டி மாதிரி மூடி வைத்த அந்தப் பழைய ரெக்கார்டு பிளேயரை எனக்குக் கொடுத்தார். கூடவே ஒரே ஒரு நாதஸ்வர ரெக்கார்டு. பரளச்சியில் களையெடுத்துக்கொண்டிருந்த எங்கள் குடும்பத்துக்கு அதுவே பெரிய சீர்தான். நான் தறிக்கூடத்துக்குப் போயிருந்த நேரம், பஞ்சுத் தூசியும் எண்ணெயும் பட்டு ரெக்கார்டு அழுக்காக இருக்கிறதே என்று, உங்கள் அக்கா அதைத் துவைகல்லுக்குக் கொண்டுபோய்ச் சீயக்காய்த்தூள் போட்டுப் பித்தளைச் செம்பை விளக்குவது போல விளக்கி, வெயிலில் சாய்த்து வைத்துவிட்டாள். துடைக்கும்போது அவள் மோதிரக் கல் பட்டு, அரை அரிசி நீளத்துக்கு ஒரு கீறல். நான் வந்து முள்ளை வைத்தேன். முதலில் வாசிக்கிற மல்லாரி முடிந்து ராகம் எடுக்கிற இடத்தில் டிக் என்றது. தட்டு ஒரு சுற்று சுற்றிவர மறுபடி டிக். நான் மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் நானே மறுபடி ரெக்கார்டைப் போட்டேன். முதல் டிக் கேட்டதும் அடுப்படியில் இருந்து அவள், "இந்தா, நான் வாரேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து முப்பத்தெட்டு வருஷம், அந்த ரெக்கார்டு எப்போது ஓடினாலும், அவள் வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும், அந்த இடம் வந்ததும் "இந்தா, நான் வாரேன்" என்று சொல்லாமல் இருந்ததில்லை. எனக்கும் நாதஸ்வரம் அப்புறம், அந்த டிக் முதலில் என்று ஆகிவிட்டது.

அந்த டிக்கிலும் எங்களுக்குள் ஒரு வழக்கு உண்டு. மொத்தம் இருபத்து மூன்று என்பது என் கணக்கு. அவள் இருபத்தாறு என்பாள். கடைசி மூன்றும் சின்னதாக இருக்கும், கூர்ந்து கேளுங்க என்பாள். தறி ஓடுகிற சத்தத்தை வாசலில் நின்று கேட்டே எந்தத் தறியில் எந்த போல்ட் கழன்றிருக்கிறது என்று சொல்கிற மெக்கானிக் நான். நாற்பது வருஷம் முந்நூறு தறிக்கு நடுவில் நின்று பழுது பார்த்த காது இது. என்னிடம் வந்து கூர்ந்து கேள் என்றால்? முப்பது வருஷமாக அந்த வழக்கில் நான் இறங்கி வரவில்லை, அவளும் வரவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வந்திருந்தபோது நடந்ததுதான் உங்களுக்குத் தெரியுமே. பந்தி போட இடம் வேண்டும் என்று யாரோ பிளேயரைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு போய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்கள், முள் ஒடிந்துபோனது. எல்லோரும் சாப்பிட்ட பிறகு நான் அந்த ஒடிந்த முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அக்கா செத்தபோதுகூட நான் அப்படி அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்களாம். பேசட்டும். அதைப் பார்த்துத்தான் நீங்கள் மனசு இளகி, டேர்ன்டேபிள் என்கிற உங்கள் சொந்த ரெக்கார்டு பிளேயரையும் மூன்று கார்ட்ரிட்ஜையும், லீவில் வந்த பந்தல்குடிக்காரரிடம் கொடுத்தனுப்பினீர்கள். கூடவே சீட்டில் எழுதியிருந்தீர்கள்: "மச்சான், மூணுல எது ஒசத்தின்னு இங்க என் கூட்டாளிக மூணு பேரும் மூணு சொல்றாங்ய. ஒங்க காது என்ன சொல்லுதோ அதுதான் தீர்ப்பு." அந்தச் சீட்டை நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். பொய் சொல்வானேன், ஐந்து மாதத்தில் அன்றைக்குத்தான் எனக்குப் பசி எடுத்தது.

மாட்டுவதற்கு இம்மானுவேலை வரச் சொன்னேன். கோயில் கொடை விழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் கட்டுகிறானே, நம் இம்மானுவேல்தான். குழாய் ரேடியோவுக்குக் கீழேயே வளர்ந்தவன், பேச்சே சத்தமாக இருக்கும். இந்த ஊரில் இப்போது வாயைத் திறந்து தெளிவாகப் பேசுகிற ஆள் அவன் ஒருவன்தான். அவனுடைய ஸ்பீக்கர் பெட்டி இரண்டைக் கொண்டுவந்து வைத்துக் கட்டிவிட்டான்.

முதலில் சிவப்பு. அதில் ஒரு சின்னத் தவறு நடந்தது, அதை உங்களுக்குச் சொல்லாமல் விடலாம் என்று இருந்தேன், இம்மானுவேல் எப்படியும் சொல்லிவிடுவான் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். முள் நுனியில் மயிர் போல ஒரு கம்பி ஆடுகிறதே, ஆடுகிற எந்தப் பொருளைப் பார்த்தாலும் என் கை தானாக எண்ணெய்க் குப்பியை எடுத்துவிடும். ஒரே ஒரு சொட்டுத்தான் விட்டேன். தறிக்கு விடுகிற நல்ல எண்ணெய். நம் ஊரில் காற்றோடு பஞ்சு பறப்பது உங்களுக்குத் தெரியும், கால் மணி நேரத்தில் முள்ளுக்குத் தாடி முளைத்துவிட்டது. இம்மானுவேல் தலையில் கை வைத்துக்கொண்டு, "அண்ணே, இது என்ன வெலையின்னு தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். அவன் சொன்ன பிறகு எண்ணெய்க் குப்பியைத் தூக்கிப் பரண்மேல் வைத்துவிட்டேன். பஞ்சால் பட்டும் படாமலும் துடைத்து எடுத்துவிட்டான், இப்போது நன்றாகவே ஓடுகிறது, நீங்கள் கவலைப்பட வேண்டாம். சிவப்பில் தவில் நன்றாக எழுகிறது. குச்சியால் தொப்பிப் பக்கம் அடிக்கிற அடி நெஞ்சில் வந்து உட்காருகிறது. நாதஸ்வரம் மட்டும் போர்த்திக்கொண்டு வாசிக்கிறது.

இரண்டாவது கறுப்பு. அதற்கு முள்ளின் கனம் இரண்டு கிராம் இருக்க வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது என்று உங்கள் சீட்டில் போட்டிருந்தது. இரண்டு கிராமுக்கு நான் எங்கே போவேன்? பஜாரில் நம் பழக்கத்து நகைக்கடைக்குப் போய், ஒரு சின்ன மெஷின் தராசைக் கொஞ்ச நேரத்துக்குக் கேட்டேன். கடைக்காரர் தராசு கடையைவிட்டுப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டு, தராசோடு அவரும் ஆட்டோவில் ஏறி வந்துவிட்டார். முள்ளைத் தராசில் வைத்துப் பின்னால் இருக்கிற கனத்தைத் திருகித் திருகி, "இரண்டு கிராம், கால் பவுன், சுத்தமா நின்னுருச்சு" என்று சொல்லிவிட்டு, "யாருக்கு அண்ணாச்சி, பேத்திக்கா?" என்று கேட்டார். ரெக்கார்டுக்கு என்றேன். அவர் ஒரு பாட்டு முழுவதும் உட்கார்ந்து கேட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போனார். கறுப்பு ஒழுங்கான பிள்ளை. யாரையும் விட்டுக்கொடுக்காமல், யாரையும் தூக்கிப்பிடிக்காமல் வாசிக்கிறது. ஆனால் நாதஸ்வரக்காரருக்கு அன்றைக்குச் சம்பளம் பேசவில்லையோ என்று சந்தேகம் வருகிற மாதிரி இருக்கிறது.

மூன்றாவது மரக்கட்டையில் செய்தது. ஜப்பானில் ஒரு வயசாளி கையாலேயே செய்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாட்டியது. மறுநாள் வழக்கம் போல என் ஸ்பேனர், குறடு, திருப்புளி எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த கை, இதையும் விட்டுவிடுமா? மரத்துக்கு மட்டும்தான் வைத்தேன், முள்ளில் படவில்லை. இது நிஜமாகவே உசத்தி மாப்பிள்ளை. நாதஸ்வரம் எதிரே நின்று வாசிக்கிறது. ஆனால் இதில்தான் எனக்கு ரொம்ப ஏமாற்றம். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூட இதில் கேட்கும் என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். எனக்குக் கேட்ட வரையில் அவர் மூச்சே விடாமல் வாசிக்கிறார். அதுகூடப் போகட்டும். மேளம் என்றால் கூடவே ஒருவர் உட்கார்ந்து தாளம் போடுவாரா இல்லையா? ஜல் ஜல் என்று இரண்டு வெண்கலத் தாளம் ரெக்கார்டு முழுவதும் உண்டு, எனக்குத் தெரியும். உங்களுடைய மூன்று முள்ளிலும் தாளக்காரர் லீவு. சத்தம் போதவில்லையோ என்று இம்மானுவேலிடம் கூட்டச் சொன்னேன். கூட்டினான். இன்னும் கூட்டு என்றேன். அவன் காதைப் பொத்திக்கொண்டு கூட்டினான். அமுதவள்ளி டீச்சர் ஓடிவந்து, சுவரில் மாட்டியிருந்த படம் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனது. அப்போதும் தாளம் வரவில்லை. "தாளம் கேக்குதாடா?" என்று இம்மானுவேலைக் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காமல் சத்தத்தைக் குறைத்துவிட்டு, "இல்லண்ணே, கேக்கல" என்றான். மைக் செட்காரனே கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான், இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

இப்போது எழுதப்போவதைப் படித்துவிட்டு நீங்கள் வருத்தப்படக்கூடாது. தாளம் போனால் போகட்டும். டிக்கும் வரவில்லை.

சிவப்பில் போட்டேன், மல்லாரி முடிந்தது, ராகம் எடுத்தார், அந்த இடம் வந்தது, ஒன்றுமில்லாமல் போனது. கறுப்பில் போட்டேன். மரத்தில் போட்டேன். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து தடவை கேட்டிருப்பேன். ராகம் வழுவழு என்று போகிறது, ஒரு பிசிறு இல்லை. போனில் உங்களைக் கேட்டபோது நீங்கள் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பழைய முள் மொக்கை, அது போய்ப் போய்ப் பள்ளத்தின் மேல்பக்கத்தைத் தேய்த்து வைத்திருக்கும், இந்த மாதிரி மெல்லிய முள் அதற்குக் கீழே, யாரும் போகாத இடத்தில் இறங்கி ஓடும், அதனால் பழைய தேய்மானமும் கீறலும் அவ்வளவாகத் தெரியாது. நீங்கள் அதைப் பெருமையாகத்தான் சொன்னீர்கள். எனக்கு அது பெருமையாகப் படவில்லை. அந்தத் தேய்மானம் நானும் உங்கள் அக்காவும் நடந்த தடம் மாப்பிள்ளை. அந்தக் கீறல் அவள் மோதிரம் பட்டது. அவள் போட்டோவில்கூட அவள் மாதிரி இல்லை, ஆதார் அட்டையில் யாரோ ஒருத்தி முறைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த வீட்டில் அவளாகவே மிஞ்சியிருந்தது அந்த இருபத்து மூன்று டிக்தான். லட்ச ரூபாய் கொடுத்து அதையும் துடைத்துவிட்டீர்களே.

ஆகவே என் தீர்ப்பு. மரம் முதல், கறுப்பு இரண்டாவது, சிவப்பு மூன்றாவது, மூன்றும் எனக்கு வேண்டாம். அடுத்து யார் சிங்கப்பூர் போகிறார்களோ அவர்களிடம் மூன்றையும் கொடுத்தனுப்புகிறேன். அதற்குப் பதிலாக, அங்கே பழைய சாமான் விற்கிற கடை எங்கேயாவது இருந்தால், என் பழைய பிளேயருக்குப் பொருந்துகிற மொக்கை முள் ஒன்று தேடி அனுப்புங்கள். எவ்வளவு மட்டமாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது. அக்கா இருந்திருந்தால் அவளை விட்டுக் கேட்கச் சொல்லியிருப்பேன், உங்களிடம் எதையும் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

தங்கச்சி அருஞ்சுனைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டதாகச் சொல்லவும். நீங்கள் இருவரும் நூறு வயசு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்துகிறேன். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
அக்கா இல்லாவிட்டாலும் உங்கள் மச்சான்,
பாண்டீஸ்வரன்.

பின்குறிப்பு: சனிக்கிழமை எழுதி முடிக்கும்போது தபால் ஆபீஸை மூடிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பந்தல்குடியிலிருந்து மகள் அனுசியா வந்தாள். வந்தவள் பீரோவில் அம்மாவின் சேலைகளை எடுத்து வெயிலில் போடும்போது, அடியில் ஒரு தைலப் பாட்டில் கிடந்தது. உள்ளே பஞ்சு, பஞ்சுக்குள் பழைய பிளேயருக்குப் பொருந்துகிற முள், புதுசு. இம்மானுவேலைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அக்காதான் அண்ணே, இந்த முள்ளு விக்கிற கடைய மூடும்போது ஒண்ணு வாங்கிட்டு வாடான்னாக. இந்த மனுசன் ஒரு நாளு ஒடிச்சுப்புட்டு ஒக்காந்திருப்பாகன்னு சொன்னாக" என்றான்.

பழைய பிளேயரில் அதை மாட்டினோம். ரெக்கார்டைப் போட்டேன். மல்லாரி முடிந்தது. ராகம் எடுத்தார். அந்த இடம் வந்தது, போனது. ஒன்றும் கேட்கவில்லை. இந்த முள்ளும் சரியில்லை என்று நான் எழுந்தேன். அனுசியா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். அழுதுகொண்டிருந்தாள். என் முகத்துக்கு நேரே வந்து, அவள் அம்மா மாதிரியே கத்தினாள்: "அப்பா, டிக்கு டிக்குன்னு கேக்குதுப்பா. எல்லா முள்ளுலயும் கேட்டுச்சாம். தாளமும் கேட்டுச்சாம். இம்மானுவேல் அண்ணனுக்கு ஒங்ககிட்டச் சொல்ல மனசு வரல. ஒங்களுக்குக் காது போயி பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. அம்மாதான் யாரும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருச்சு. காதுதான் அவுக சொத்து, அது போச்சுன்னு தெரிஞ்சா ஒடஞ்சு போயிருவாக, நான் சண்டைக்காரின்னு பேரெடுத்தாலும் பரவால்ல, கத்தியே பேசிக்கிறேன்னு சொல்லுச்சு."

அப்படியென்றால் இத்தனை வருஷம் நான் கேட்டது எந்த டிக் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "அம்மா 'இந்தா, நான் வாரேன்'னு கத்தும்ல, அது கேட்டப்புறந்தான் நீங்க வெரல விட்டு எண்ண ஆரம்பிப்பீக."

மாப்பிள்ளை, மேலே எழுதியிருப்பதை எல்லாம் அடித்துவிடவும். உங்கள் மூன்று முள்ளிலும் ஒரு குற்றமும் இல்லை. உங்கள் டவரிலும் இல்லை. குக்கர் கடைக்காரரிடமும் பால்காரரிடமும் நாளைக்குப் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். நீங்களும் தெரிந்தேதான் இந்தக் காதிடம் தீர்ப்புக் கேட்டு அனுப்பியிருக்கிறீர்கள். கோபம் வந்தது, இப்போது இல்லை. அந்தச் சீட்டு இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. உங்கள் கூட்டாளிகளிடம் அந்தத் தீர்ப்பை மட்டும் காட்டிவிடாதீர்கள்.

அப்புறம் அனுசியா ரெக்கார்டை மறுபடி போட்டாள். என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு டிக் வரும்போதும் என் முழங்காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். இருபத்து மூன்று வந்ததும் முடிந்தது என்று காலை எடுக்கப் போனேன். அவள் விடவில்லை. இன்னும் மூன்று தட்டினாள். முந்தின தட்டுகளைவிட மெதுவாக.

இருபத்தாறுதான். உங்கள் அக்கா சொன்னதுதான் சரி. முப்பது வருஷ வழக்கில் நான் தோற்றுவிட்டேன், அதைக் கேட்டுச் சிரிக்க அவள் இல்லை, அதனால் அவள் தம்பியான உங்களிடம் சொல்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு போன் பண்ணுங்கள். நன்றாகக் கத்தியே பேசுங்கள்.